ஆலைக்கு வந்தவருக்குத் தங்கச் சங்கிலி!

ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கதை

ஆலையில் சங்கு ஊதியது. வாசல் கதவு திறந்தது. தொழிலாளர்கள் உள்ளே போனார்கள். ஆனால், 100 பேர் வர வேண்டிய இடத்தில் 80 பேர்தான் வந்திருந்தார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

இது நடந்தது நாகபுரியில். 1877-ம் ஆண்டு தொடங்கிய எம்ப்ரஸ் மில் என்ற பஞ்சாலையில்.

வராத 20 பேர் எங்கே போனார்கள்?

அவர்கள் எல்லாரும் கிராமத்து மனிதர்கள். விதைப்பு வந்தால் வயலுக்குப் போக வேண்டும். அறுப்பு வந்தால் போக வேண்டும். கல்யாணம், திருவிழா, சாவு என்றால் போகாமல் இருக்க முடியாது. சில நாள் வேலை செய்து கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், உடம்பு வலிக்கிறது என்று வீட்டில் படுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஆலையில் எட்டு மணி நேர வேலை என்பதே கிடையாது. பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வேலை. நாகபுரி வெயிலோ, கோடையில் மண்டையைப் பிளக்கும் வெயில்!

ஆள் வராவிட்டால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் நஷ்டம். அந்த நாளில் ஆலை முதலாளிகளுக்குத் தெரிந்த வைத்தியம் அபராதம்தான். ஒரு நாள் வராவிட்டால் இத்தனை அணா பிடித்தம். மேலும் வராவிட்டால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள்.

எம்ப்ரஸ் மில் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அவர் வேறு மாதிரி யோசித்தார். வராதவனை எப்படித் தண்டிப்பது என்று அவர் பார்க்கவில்லை. வருகிறவனை எப்படிச் சந்தோஷப்படுத்துவது என்று பார்த்தார்.

அவர்தான் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா.

புரோகிதர் வீட்டுப் பிள்ளை

இன்றைக்கு டாட்டா என்ற பெயர் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. சமையலறையில் உப்பு, சாலையில் லாரி, தேயிலைப் பொட்டலம் என்று எங்கும் அந்தப் பெயர். ஆனால் அந்தக் குடும்பம் வியாபாரக் குடும்பம் அல்ல. பார்சி சமூகத்தில் பூஜை செய்யும் புரோகிதர் குடும்பம்!

குஜராத்தில் நவ்சாரி என்ற சிற்றூர். அங்கே 1839-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி ஜாம்ஷெட்ஜி பிறந்தார். அவருடைய தகப்பனார் நசர்வான்ஜிதான், அந்தப் பரம்பரையிலேயே முதன் முதலாகப் புரோகிதத்தை விட்டுவிட்டு, வியாபாரம் செய்யப் பம்பாய்க்குப் போனவர்.

பையனும் பின்னாலேயே பம்பாய் போனான். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தான். 1858-ம் ஆண்டு தேறினான். அந்த நாளில் இவ்வளவு படித்தவனுக்குச் சர்க்கார் உத்தியோகம் சுலபமாகக் கிடைத்திருக்கும். ஆனால் தகப்பனார், மகனைத் தம்முடைய வியாபாரத்தில் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஹாங்காங்குக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பஞ்சு இங்கிலாந்துக்குப் போவது நின்றது. இந்தியப் பஞ்சுக்கு விலை ஏறியது. பம்பாயில் பணம் மழையாகக் கொட்டியது. எல்லாரும் கடன் வாங்கிப் பஞ்சில் போட்டார்கள். 1865-ல் போர் முடிந்தது. பஞ்சு விலை தலைகீழாக விழுந்தது. ஒரே அடியில் பம்பாயின் பெரிய பெரிய வியாபாரிகள் எல்லாம் கவிழ்ந்தார்கள். டாட்டா குடும்பமும் கவிழ்ந்தது.

அந்தச் சமயத்தில் ஜாம்ஷெட்ஜி லண்டனில் இருந்தார். அவர் கையில் இருந்த பத்திரங்கள் எல்லாம் வெறும் காகிதம் ஆகிவிட்டன. வேறு யாராக இருந்தாலும் இரவோடு இரவாகக் கப்பல் ஏறியிருப்பார்கள். அவர் ஓடவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் நேரே போனார். இருக்கிற கணக்கை இருக்கிறபடி எடுத்துச் சொன்னார். அவருடைய நேர்மையைப் பார்த்த கடன்காரர்கள், கணக்குகளைத் தீர்த்து வைக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார்கள். அதற்கு மாதம் 20 பவுன் சம்பளமும் கொடுத்தார்கள்! கடன்பட்டவருக்கே கடன்காரர்கள் சம்பளம் கொடுத்த அதிசயம் இது.

நாகபுரியில் ஒரு சதுப்பு நிலம்

1868-ம் ஆண்டு. வயது 29. கையில் இருந்தது ரூ.21 ஆயிரம். அதைக் கொண்டு சொந்தமாக வியாபாரம் தொடங்கினார். அந்த ஆண்டு பிரிட்டிஷ் பட்டாளம் அபிசீனியாவுக்குப் படையெடுத்துப் போயிற்று. பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்யும் காண்டிராக்டில் குடும்பத்துக்கு நல்ல லாபம் வந்தது. அடுத்து, பம்பாயில் சிஞ்ச்போக்ளி என்ற இடத்தில் திவாலான ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். இரண்டு ஆண்டில் அதை லாபத்துக்கு விற்றார்.

பிறகு இங்கிலாந்து போனார். லங்காஷயர் நெசவாலைகளைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். பம்பாயில் எல்லாரும் ஆலை வைக்கிறார்கள். நாம் பஞ்சு விளைகிற ஊரிலேயே ஆலை வைக்க வேண்டும். ரயில் இருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும். நிலக்கரி பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கும் நாகபுரியில் இருந்தன.

அங்கே அவர் வாங்கிய இடம் ஒரு குளத்தை ஒட்டிய சதுப்பு நிலம். லோடு லோடாக மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். இதற்குப் பணம் கடன் கேட்டபோது ஒரு மார்வாடி சேட் கொடுக்க மறுத்துவிட்டார். தங்கத்தைப் பூமியில் கொட்டிப் புதைக்கிற மனிதனுக்கு நான் கடன் கொடுப்பதா என்பது அவருடைய கேள்வி. ஆலை லாபம் கொழித்த பிறகு அதே சேட், டாட்டா பூமியில் கொட்டியது மண், எடுத்தது தங்கம் என்று ஒப்புக்கொண்டாராம்.

ரூ.15 லட்சம் மூலதனத்தில் 1874-ம் ஆண்டு கம்பெனி பதிவாயிற்று. 1877-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி ஆலை திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கப்பட்டதும் அதே நாள். அதனால்தான் எம்ப்ரஸ் மில் என்று பெயர்.

ஆலைக்கு மானேஜராக அவர் பிடித்த ஆள் பெசன்ஜி மேத்தா. ரயில்வேயில் சரக்குப் பகுதியில் இருந்தவர். நூல் நூற்பதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்! அதனால் என்ன? ஆளை எடை போடுவதில் ஜாம்ஷெட்ஜி கெட்டிக்காரர். மேத்தா பின்னாளில் சர் பட்டம் பெறும் அளவுக்கு உயர்ந்தார்.

தொடக்கம் சுலபமாக இருக்கவில்லை. முதலில் வாங்கிய இயந்திரங்கள் மட்டமானவை. அவற்றைத் தள்ளிவிட்டு வேறு வாங்க வேண்டியதாயிற்று. அதோடு, திறந்த அதே 1877-ம் ஆண்டில் கூலி விகிதம் பற்றித் தகராறு கிளம்பியது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்திய ஆலைகளில் நடந்த முதல் வேலைநிறுத்தங்களில் ஒன்று என்று அதைச் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். டாட்டாவின் ஆலை என்பதற்காக அங்கே பாலும் தேனும் ஓடியது என்று யாரும் எண்ண வேண்டாம்.

பரிசளிப்பு நாள்

இந்த நிலையில்தான் 20 பேர் வராத பிரச்னை. ஜாம்ஷெட்ஜி ஆலையில் ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தார். விளையாட்டுப் போட்டி நாள், குடும்ப நாள் என்று வைத்தார். மனைவி, மக்களோடு தொழிலாளி வரலாம். பரிசளிப்பும் உண்டு.

என்ன பரிசு தெரியுமா? கடிகாரம். தங்கச் சங்கிலி, வெள்ளிச் சங்கிலி. கைக்குப் போடும் காப்பு. கட்டாக ரூபாய் நோட்டு. பளபளக்கும் துணிச் சுருள்கள்!

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். காலம் 19-ம் நூற்றாண்டு. கூலிக்காரன் வீட்டில் கடிகாரம் ஏது? நேரம் என்பது ஆலைச் சங்கு சொல்வதுதான். அந்த மனிதன் ஊரார் முன்னிலையில் கடிகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். அன்றைக்கு அவன் வீட்டு வாசலில் எத்தனை பேர் கூடியிருப்பார்கள்! துணிச் சுருளைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நோட்டுக் கட்டு வழியிலேயே கள்ளுக்கடைக்குப் போனாலும் போய்விடும். துணி அப்படிப் போகாது. அது மனைவியின் கைக்கு வந்து சேரும். மறுநாள் காலையில் புருஷனை எழுப்பி ஆலைக்கு அனுப்ப வேண்டியவளும் அவள்தானே? இது என் ஊகம்தான். ஆனால் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புரியும்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆளைக் கூப்பிட்டால் மட்டும் போதுமா? உள்ளே இருக்க முடிய வேண்டாமா? ஆலைக்குள் காற்றை ஈரப்படுத்தும் கருவிகளை வைத்தார். காய்ந்த காற்றில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். காற்று ஈரமாக இருந்தால் நூல் அறாது, மனிதனுக்கும் வெக்கை குறையும். தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் பொழியும் குழாய்களையும் போட்டார். பஞ்சாலையில் தீ என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் இந்த இரண்டையும் முதலில் வைத்தவர்களில் அவர் ஒருவர்.

1886-ம் ஆண்டு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895-ம் ஆண்டு முதல், வேலையில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார். 1901-ல் வருங்கால வைப்பு நிதி வந்தது. இப்போது எல்லாரும் பி.எப். என்கிறோமே, அதுதான்.

தொழிலாளிக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் வந்தது 1923-ல். பி.எப். சட்டம் வந்தது 1952-ல். சட்டம் சொல்வதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே ஒன்று, 51 ஆண்டுகளுக்கு முன்பே மற்றொன்று. சங்கிலியையும் கடிகாரத்தையும்விட, நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். சங்கிலி சிலருக்குத்தான் கிடைக்கும். அது முதலாளியின் மனசைப் பொறுத்தது. அடிபட்டவனுக்கு நஷ்டஈடு என்பது அப்படி அல்ல. கை போனவன் யாராக இருந்தாலும், நன்றாக வேலை செய்தானா, சுமாராக வேலை செய்தானா என்று பார்க்காமல் கொடுப்பது.

கடிகாரத்திலிருந்து விமானம் வரை

இந்தப் பரிசு விஷயம் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் ஜான் பாட்டர்சன் என்ற ஒருவர் இருந்தார். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லா இயந்திரம் செய்து விற்ற கம்பெனிக்காரர். 1906-ம் ஆண்டு, குறித்த அளவுக்கு மேல் விற்றுக் காட்டிய தம்முடைய விற்பனையாளர்களுக்கு வைரம் வைத்த ஊசிகளைப் பரிசு கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து இலவசப் பிரயாணத்தையே பரிசாக்கினார். நன்றாக வேலை செய்தவரை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பும் வழக்கத்துக்கு அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

இப்போது சிமெண்ட் விற்கிறவர், பெயிண்ட் விற்கிறவர், இன்சூரன்ஸ் பிடிக்கிறவர் எல்லாரையும் கம்பெனிகள் சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் துபாய்க்கும் அழைத்துப் போகின்றன. சென்னையில் வீடு கட்டி விற்கும் காசாகிராண்ட் என்ற நிறுவனம், தன்னுடைய ஊழியர்கள் 1,000 பேரை ஸ்பெயின் நாட்டுக்கு அழைத்துப் போவதாக 2024-ம் ஆண்டு அறிவித்தது. 2022-ல் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்தது.

சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் உள்ள ஆரம்பாக்கம்வாசிகளுக்கும் இது புதிது அல்ல. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கும், எல்லைக்கு அப்பால் உள்ள ஸ்ரீசிட்டிக்கும் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிப் போகின்றன. லீவு போடாமல் மாதம் முழுவதும் வந்தால் தனியாக ஒரு தொகை கொடுப்பது தமிழ்நாட்டு ஆலைகளில் சாதாரணம். ஆயுத பூஜை அன்று குடும்பத்தை உள்ளே விட்டு இயந்திரங்களைக் காட்டுகிற ஆலைகளும் இருக்கின்றன. நாகபுரியில் அறுப்புக்கு ஊர் போனவனைப் போல, வடக்கே பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்தவர்கள் பண்டிகைக்கு ரயில் ஏறினால், ஆலை பாதி காலி. 150 ஆண்டு ஆகப் போகிறது, பிரச்னை அதேதான்!

ஆனால் பரிசில் ஒரு வித்தியாசம். விமானத்தில் போகிறவர் பெரும்பாலும் விற்கிறவர். இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவருக்குக் குக்கரோ, ஹாட்பாக்ஸோ, ஸ்வீட் பெட்டியோதான். காண்டிராக்டில் இருப்பவருக்கு அதுவும் வருவது சந்தேகம். ஜாம்ஷெட்ஜி பரிசு கொடுத்தது விற்றவருக்கு அல்ல. நூல் நூற்றவருக்கு.

அவரே செய்த பிரயாணங்கள்

ஜாம்ஷெட்ஜி வாழ்நாள் எல்லாம் பிரயாணம் செய்தவர். போகிற இடத்தில் எல்லாம் எதையாவது கற்றுக்கொண்டு வருவார். 1893-ல் ஜப்பானிலிருந்து கனடா போகும் கப்பலில் ஓர் இளம் சந்நியாசியும் அவரும் சேர்ந்து பிரயாணம் செய்தார்கள். அந்தச் சந்நியாசி, சிகாகோ மகாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த விவேகானந்தர்! பின்னாளில் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் வைக்க விரும்பியபோது, ஜாம்ஷெட்ஜி அவருக்குக் கடிதம் எழுதினார். அந்த நிலையம்தான் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகம்.

கெட்டிக்கார மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க 1892-ல் ஒரு நிதி ஏற்படுத்தினார். அதுவும் ஒரு வகையில் பிரயாணப் பரிசுதான். அந்த நிதியால் படித்தவர்கள் பலர் பெரிய பதவிகளுக்கு வந்தார்கள்.

நஷ்டமும் பட்டார். ஜப்பானுக்குப் பஞ்சு ஏற்றிப்போகும் கப்பல் கட்டணத்தைக் குறைக்கச் சொந்தமாகக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி, கட்டணத்தை ஒன்றுமில்லாமல் குறைத்து அவரை விரட்டியது. பம்பாயில் பாழடைந்த ஓர் ஆலையை 1886-ல் வாங்கி, ஸ்வதேசி மில் என்று பெயர் வைத்தார். அது அவரை வாட்டி எடுத்தது. தம்முடைய எம்ப்ரஸ் மில் பங்குகளில் கொஞ்சத்தை விற்று அதைக் காப்பாற்றினார். நாகபுரியிலிருந்து தேர்ந்த ஆட்களை வரவழைத்தார்.

பம்பாய்க் கடற்கரையில் தாஜ்மகால் ஓட்டலைக் கட்டியபோது, அவருடைய சகோதரிகள் கேலி செய்தார்களாம். ஆலை, கல்லூரி என்று பேசுகிறவன் இப்போது சோற்றுக்கடை வைக்கிறானா என்று! 1903 டிசம்பர் 16-ந் தேதி ஓட்டல் திறந்தது. முதல் நாள் தங்கியவர்கள் 17 பேர். இன்று கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கு விருந்து வைத்துக் கேடயம் கொடுப்பது இந்த மாதிரி ஓட்டல்களில்தான்.

பிறக்காத ஊருக்குத் திட்டம்

கடைசி ஆசை, இரும்பு. அதற்காக 1902-ல் அமெரிக்கா போனார். எந்த இடத்தில் ஆலை வரும் என்றே அப்போது தெரியாது. ஆனால் அந்த ஆண்டே மகன் டோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் இரும்பைப் பற்றி அல்ல, தொழிலாளர்கள் குடியிருக்கப் போகும் ஊரைப் பற்றி எழுதினார். தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும். சீக்கிரம் வளர்ந்து நிழல் தரும் மரங்களை நட வேண்டும். புல்தரையும் தோட்டமும் வேண்டும். கால்பந்தும் ஹாக்கியும் ஆட மைதானம் விட வேண்டும். இந்துக்களுக்குக் கோயில், முஸ்லிம்களுக்கு மசூதி, கிறிஸ்தவர்களுக்கு மாதா கோயில் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இப்படிப் போகிறது அந்தக் கடிதம்.

அந்த ஊரை அவர் பார்க்கவில்லை. 1904 மே 19-ந் தேதி ஜெர்மனியில் பாட் நவ்ஹைம் என்ற இடத்தில் காலமானார். வயது 65. இங்கிலாந்தில் புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

மூன்று ஆண்டு கழித்து, 1907-ல் மகன் டோராப்ஜி இரும்புக் கம்பெனியைத் தொடங்கினார். 1912-ல் எட்டு மணி நேர வேலை அங்கே வந்துவிட்டது. 1920-ல் சம்பளத்தோடு விடுமுறை. 20 நாள் உழைத்தால் ஒரு நாள் சம்பள விடுமுறை என்று பெரியவர்களுக்கு நாடு முழுவதற்குமாகச் சொன்னது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். லாபத்தில் பங்காகப் போனஸ் 1934-ல் அந்தக் கம்பெனியில் வந்தது. போனஸ் சட்டம் வந்தது 1965-ல். இதெல்லாம் சண்டை இல்லாமல் வரவில்லை. அங்கேயும் 1920-லும் 1928-லும் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன.

நாகபுரி எம்ப்ரஸ் மில் இன்று இல்லை. மூடப்பட்டு, அந்த இடத்தில் கடைகள் நிறைந்த பெரிய கட்டடம் வந்துவிட்டது. இரும்பு ஊருக்கு 1919-ம் ஆண்டு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே 1958-ல் நேரு திறந்துவைத்த ஒரு பூங்கா இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் 3-ந் தேதி, அவர் பிறந்த நாளில், பூங்கா முழுவதும் விளக்குப் போடுகிறார்கள். ஆலைத் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு வந்து பார்க்கிறார்கள்.